பாஸ் மீனும் ஜிக் முள்ளும்: லேக் ஃபோர்க்கில் பட்டுத் தெரிந்துகொண்டது

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. டெக்சஸில், பாஸ் என்னும் நன்னீர் மீனுக்குப் பேர்போன லேக் ஃபோர்க் ஏரியில் ஒரு ஓடை வந்து கலக்கும் இடத்தில், தண்ணீருக்கு மேல் மொட்டையாக நின்ற பட்டமரம் ஒன்றின் அடியில் என் ஜிக், அதாவது முள்ளின் தலையில் ஈயம் வார்த்த செயற்கை இரை, இறங்கியது. தரையைத் தொட்டதும் தூண்டில் நரம்பு தொய்ந்தது. தொய்ந்த நரம்பு மெதுவாக, ஒரு விரற்கடை அளவுக்கு, பக்கவாட்டில் நகர்ந்தது. சுண்டினேன். ராட், அதாவது தூண்டில் கோல், அடிவரைக்கும் வளைந்தது. மரத்துக்கும் படகுக்கும் நடுவில் மீன் ஒரு தடவை புரண்டு, சினையில் உப்பிய வயிற்றைக் காட்டியது. அடுத்த நொடி ராட் நேராகிவிட்டது. நரம்பு அறவில்லை, முடிச்சு அவிழவில்லை, சுற்றி எடுத்தால் ஜிக் முழுசாக வருகிறது. படகின் பின்பக்கத்திலிருந்த நண்பன்தான் முதலில் கவனித்தான்.

"அண்ணே, முள்ளைப் பாருங்க. வாயைப் பொளந்துடுச்சு."

உண்மைதான். உள்பக்கம் வளைந்திருக்க வேண்டிய முள் எல் எழுத்துபோல விரிந்திருந்தது. அந்த ஜிக்கை நான்கு டாலருக்கு வாங்கியிருந்தேன், அட்டையில் பெரிய மீன் படம் போட்ட கம்பெனி, பெயர் வேண்டாம். அந்தக் கம்பெனியைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்த ஜிக் மெல்லிய ராடுக்கும் மெல்லிய நரம்புக்கும் செய்தது. நான் அதை 65 பவுண்டு தாங்கும் பின்னிய நரம்பில், பிரெய்டு என்பார்களே, அதில் கட்டி, கட்டையான ராடில் மாட்டி, மரத்துக்குள்ளிருந்து மீனைப் பிடுங்கப் பார்த்தேன்.

அதுவரை ஜிக் வாங்கும்போது நான் பார்த்ததெல்லாம் எடை, நிறம், தலையைச் சுற்றிக் குஞ்சம்போலத் தொங்கும் ஸ்கர்ட் எப்படி விரிகிறது, தலை எந்த வடிவம் என்பதுதான். முள்ளைப் பார்த்ததே இல்லை. மீன் தப்பினால் என் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன், சுண்டியது பத்தவில்லை, நேரம் தவறிவிட்டது என்று. அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் இரண்டு சீசன் முழுக்க முள்ளை மட்டுமே கவனித்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், அமெரிக்காவில் இருந்துகொண்டு பாஸ் பிடிக்கத் தொடங்கியிருக்கும் நம் ஆட்களுக்கு உதவும் என்று.

நான் சிவகங்கைப் பக்கம். கண்மாயில் கெளுத்தியும் விராலும் பிடித்து வளர்ந்தவன். அங்கே பெட்டிக்கடையில் முள்ளைத் தனியாக எண்ணித் தருவார்கள், நரம்பு தனி, ஈயக்குண்டு தனி, தக்கைக்கு மயில் இறகுத் தண்டு. முள் சரியில்லை என்றால் அறுத்துப் போட்டுவிட்டு வேறொன்றைக் கட்டிக்கொள்ளலாம். சாதாரண ஜிக்கில் அந்த வசதி கிடையாது. முள்ளை அச்சில் வைத்து அதன் தலையைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். ஸ்கர்ட்டை மாற்றலாம், பின்னால் குத்துகிற ரப்பர் ட்ரெய்லரை மாற்றலாம், முள் கிளையில் மாட்டாமல் காக்கும் வீட் கார்டை நறுக்கலாம், ஏன், பெயின்ட்கூட அடித்துக்கொள்ளலாம். முள் மட்டும் வாங்கிய அன்று எதுவோ அதுதான் கடைசிவரைக்கும். அப்படியிருக்க, மாற்றவே முடியாத ஒன்றைத்தானே கடையில் முதலில் பார்த்திருக்க வேண்டும்?

லேக் ஃபோர்க்கைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேர ஓட்டம். சபைன் ஆற்றில் போய்ச் சேரும் லேக் ஃபோர்க் ஓடையை மறித்து 1980-இல் தண்ணீர் நிறுத்திய தேக்கம், பரப்பு 27,690 ஏக்கர். அணை கட்டியபோது மரங்களை நிறைய இடங்களில் வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள், அவை இன்றும் பட்டு நிற்கின்றன. டெக்சஸ் மாநிலத்தின் பாஸ் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இங்கேதான் பிடிபட்டது. 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் நடுவில் உள்ள பாஸை இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நல்ல மீன் நிறைய இருக்கிறது, அதைவிட நிறைய மரக்கிளை இருக்கிறது. முள்ளைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஏரி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் கம்பியின் தடிமன். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இதில்தான்.

முள் விரிந்து மீன் போனதும் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான், நேர் எதிர்ப்பக்கம் ஓடினேன். கடையிலேயே தடித்த கம்பி முள் வைத்த, மரத்துக்குள் பக்கத்திலிருந்து போடும் ஃப்ளிப்பிங் ஜிக்காகப் பார்த்து பத்து பன்னிரண்டு வாங்கிவிட்டேன். 5/0 முள் (சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எண் கூடக்கூட முள் பெரிது), தீக்குச்சி மாதிரி கம்பி, ரெண்டு கையாலும் நிமிர்த்தப் பார்த்தாலும் அசையாது. நிம்மதியாக இருந்தது. ஏப்ரலில் ஒரு நாள் திறந்த தண்ணீரில், மரமே இல்லாத ஒரு முனையில், அவ்வளவு விறைப்பில்லாத, மீடியம் ஹெவி என்கிற சாதாரண ராடில் 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன் என்ற ஒற்றை இழை நரம்பு போட்டு இதே ஜிக்கை தூரமாக எறிந்து இழுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து கடி. ஒன்றுதான் படகுக்கு வந்தது. மற்ற நான்கும் ஒரே மாதிரி போயின: சுண்டுகிறேன், கனம் தெரிகிறது, மீன் மேலே ஏறி வருகிறது, வாயைத் திறந்து தலையை உதறுகிறது, ஜிக் காற்றில் பறந்து வருகிறது. முள்ளில் ஒரு கீறல் இல்லை. வந்த ஒரு மீனின் வாயிலும் முள் பாதிதான் இறங்கியிருந்தது. முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னச் செதில், பார்ப் என்கிறோமே, அது தோலுக்கு வெளியிலேயே இருந்தது. கையை வைத்ததும் கழன்று விழுந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கராஜில் ஒரு சோதனை செய்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கைத்தராசு நம் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்குமே, அதை காரின் பின்னாலிருக்கும் இழுவைக் கொக்கியில் மாட்டி, நரம்பை அதில் கட்டி, பதினைந்து தப்படி தள்ளி நின்று ராடை வளைத்து இழுத்தேன். நண்பன் தராசுப் பக்கம் உட்கார்ந்து எண்ணைப் படித்தான். மீடியம் ஹெவி ராடும் ஃப்ளோரோகார்பனும் வைத்து முதுகு வலிக்க இழுத்தும் மூன்று பவுண்டைச் சுற்றியேதான் நின்றது. கட்டையான ராடும் பிரெய்டும் வைத்தபோது ஆறு பவுண்டைத் தொட்டது. "அண்ணே, நல்லா இழுங்க" என்கிறான், நான் அதற்குமேல் இழுத்தால் ராட் உடைந்துவிடும்போல இருக்கிறது. சுண்டுகிற அந்தக் கணத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அது தராசில் பதியாது. ஆனாலும் இருபது பவுண்டு பலத்தில் மீனின் வாயில் முள்ளை அறைகிறோம் என்று நான் நினைத்திருந்தது சுத்தமாகத் தப்பு. நீளமான ராட் நமக்கு எதிரான நெம்புகோல், வளைந்து வளைந்து நம் பலத்தைத் தின்றுவிடுகிறது, மிச்சத்தை நரம்பின் நீட்சி தின்கிறது.

அப்புறம் காலியான பால் கேனை வெட்டி, அந்தப் பிளாஸ்டிக்கில் முள்ளைக் குத்தி அதே தராசால் இழுத்துப் பார்த்தோம். மெல்லிய கம்பி முள் பார்ப் வரைக்கும் இறங்குவதற்கு ஆன இழுப்பு ஒரு பங்கு என்றால், தடித்த முள்ளுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு ஆனது. முனை உள்ளே போவதற்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முனைக்கு அப்புறம் பார்ப் வரும் இடத்தில், கம்பி அகலமாகும் இடத்தில்தான் தடித்த முள் அடம்பிடித்தது. ஏப்ரலில் நான்கு மீன் ஏன் போயின என்பது அந்தப் பால் கேனில் கண்ணால் தெரிந்தது. மூன்று பவுண்டு இழுப்பு முனையை நுழைத்துவிட்டது, பார்ப்பை நுழைக்கவில்லை.

ஆகவே நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது. ராடும் நரம்பும் எவ்வளவு இழுக்குமோ அதற்குத் தகுந்த கம்பி. ஏழரை அடி கட்டையான ராட், 50 அல்லது 65 பவுண்டு பிரெய்டு, மரத்துக்குள் பக்கத்தில் நின்று போடுவது என்றால் தடித்த கம்பி, தயங்கவே வேண்டாம். ஏழு அடி மீடியம் ஹெவி, 15 முதல் 17 பவுண்டு ஃப்ளோரோகார்பன், திறந்த தண்ணீரில் தூரமாக எறிவது என்றால் நடுத்தரக் கம்பி, 4/0 போதும். சுழல் ரீலில் 8 பவுண்டு நரம்பு போட்டு சின்ன ஜிக் போடுகிறீர்கள் என்றால் மெல்லிய கம்பி 2/0, அதற்குமேல் வேண்டாம். பலமான முள் எப்போதும் நல்லது என்று நினைத்து வாங்கினால் என் ஏப்ரல் மாதம் உங்களுக்கும் வரும்.

அட்டையில் கம்பியின் தடிமனைப் பல கம்பெனிகள் எழுதுவதில்லை. முள்ளின் கம்பெனி பெயரை எழுதுவார்கள், அளவை எழுதுவார்கள். நான் கடையில் பையோடு பிடித்து, இரண்டு ஜிக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவில் கம்பி எவ்வளவு தடிமன் என்று பார்க்கிறேன். முனைக்குப் பக்கத்தில் எல்லா முள்ளும் மெல்லிசாகத்தான் தெரியும், ஏமாற்றும். வளைவின் அடியைப் பாருங்கள்.

அடுத்தது காது. ஊசிக்குக் காது மாதிரி நரம்பு கோக்கிற வளையம், அது முள்ளின் நேரான தண்டிலிருந்து எந்தக் கோணத்தில் மேலே எழும்புகிறது என்பது. மூன்று வகை பெரும்பாலும் கடையில் கிடைக்கும். தண்டுக்குச் செங்குத்தாக 90 டிகிரியில் நிற்பது ஒன்று, தலை அமெரிக்க ஃபுட்பால் பந்துபோல நீண்டிருக்கும் ஃபுட்பால் ஜிக்கில் வருவது. 60 டிகிரி சாய்ந்தது இன்னொன்று, மரத்துக்குள் போடும் ஜிக்கில் வருவது. 30 டிகிரி அளவுக்கு மூக்கோடு ஒட்டி முன்னால் சாய்ந்தது மூன்றாவது, புல்லுக்குள் நீந்தவிடும் ஸ்விம் ஜிக்கில் வருவது. புல் சிக்காமல் வர வேண்டும், கல்லில் மாட்டாமல் வர வேண்டும் என்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது உண்மைதான், ஆனால் அதே கோணம் முள் வாய்க்குள் எப்படித் திரும்புகிறது என்பதையும் முடிவுசெய்கிறது.

இதைச் சமையலறையில் பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் புதுப் பஞ்சு இரண்டை நனைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் ஜிக்கைப் படுக்கவைத்து, மேலே உள்ளங்கையால் லேசாக அழுத்திக்கொள்ளுங்கள், பாஸ் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொருவரை நரம்பைச் சாய்வாக மேல்நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். என் மனைவி இழுத்தாள். 90 டிகிரிக் காது உள்ள ஜிக் ஒரு அங்குலம்கூட நகரவில்லை, தலை குனிந்து வால் தூக்கி, முனை நேராக மேல் பஞ்சில் ஏறிவிட்டது. 60 டிகிரி கொஞ்சம் வழுக்கிவந்து ஏறியது. 30 டிகிரி ஜிக் பஞ்சின் விளிம்புவரைக்கும் நேராக வழுக்கிவந்து, கடைசியில் ஓரத்தில் பிடித்தது. தண்ணீரிலும் கிட்டத்தட்ட இதையேதான் பார்க்கிறேன். ஃபுட்பால் ஜிக்கில் வரும் மீனுக்கு மேல்வாயில் முள் இருக்கும், ஸ்விம் ஜிக்கில் வரும் மீனுக்கு வாயோரத்தில் இருக்கும். ஆகவே ஸ்விம் ஜிக்கை மேல்நோக்கி வேகமாகச் சுண்டுவதை நிறுத்திவிட்டேன். மீன் எடுத்ததும் ராடைப் பக்கவாட்டில் வாரி இழுத்து, ரீலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன், முள் ஓரத்தில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

காதின் துளை குறுக்காக இருக்கிறதா நெடுக்காக இருக்கிறதா என்றும் ஒரு வித்தியாசம் உண்டு. நெடுக்காக இருப்பது புல்லைக் குறைவாகப் பிடிக்கும். மீனைப் பிடித்து நிறுத்துவதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிக்கைப் பக்கவாட்டில் பிடித்து, முள்ளின் முனையிலிருந்து ஒரு கோடு நீட்டுவதாக நினைத்துப் பாருங்கள். சில முள்ளில் அந்தக் கோடு தண்டுக்கு இணையாகப் போகும். சிலவற்றில் காதை நோக்கிச் சாயும். சிலவற்றில் வெளிப்பக்கம் விரிந்து போகும். வெளியே விரிந்தது எதையும் சட்டென்று பிடிக்கும், மீனையும் கிளையையும் சேர்த்து, ஆனால் எலும்பில் பட்டால் முனை மடிகிறது. உள்ளே சாய்ந்தது பிடிக்கக் கொஞ்சம் தாமதம், பிடித்துவிட்டால் கழலாது. மரத்துக்குள் போட நான் இணையாகப் போவதையோ, ஒரு மயிரிழை உள்ளே சாய்ந்ததையோதான் எடுக்கிறேன்.

பாஸின் வாயை ஒருமுறை நிதானமாகத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பல் இருக்கிறது, ஆனால் விராலின் பல் மாதிரி கிடையாது, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு மட்டும்தான். கீழுதட்டில் கட்டைவிரலை விட்டுத் தூக்கலாம். நாலைந்து நல்ல மீன் பிடித்த நாளில் கட்டைவிரல் தோல் உரிந்து சிவந்திருக்கும், மறுநாள் ஆபீஸில் போனைத் திறக்கக் கைரேகை எடுக்காது. மேல்வாய் நடுவில் கெட்டியான எலும்பும் குருத்தும். அங்கே முள் முழுசாக இறங்கிவிட்டால் மீன் எவ்வளவு குதித்தாலும் கவலையில்லை. ஆனால் மேல்தாடையின் பக்கவாட்டில், வாயைத் திறக்கும்போது விரிகிற இடத்தில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடித்தாள்போலத் தெரிகிற ஒரு சவ்வு இருக்கிறது. முள் அங்கே மாட்டினால் மாட்டுவது சுலபம், நிற்பது கஷ்டம். ஒவ்வொரு உதறலுக்கும் ஓட்டை பெரிதாகும், பெரிதாகி ஒரு பொத்தான் துளை மாதிரி ஆனதும் நரம்பு ஒரு நொடி தொய்ந்தால் போதும், முள் வந்த வழியே வெளியே போய்விடும்.

இதைத் தெரிந்துகொள்ள நான் போனில் ஒரு குறிப்பு வைத்தேன். படகுக்கு வந்த ஒவ்வொரு மீனுக்கும் முள் எங்கே இருந்தது, எந்த ஜிக், எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. வேறு எதையும் எழுதவில்லை. ஒரு சீசன் முடிந்து படித்துப் பார்த்தபோது, சவ்வில் மாட்டிய மீன்களில் முக்கால்வாசி ட்ரெய்லர் பெரிதாக வைத்த நாட்களில் வந்தவை. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

காரணம் முள்ளின் வாய். முனைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சொல்கிறேன். மீனின் தாடை அந்த இடைவெளிக்குள் வந்தால்தான் முள் ஆழமாக இறங்கும். அங்கே தடித்த ரப்பர் நண்டு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தால் மீனுக்கு இடம் எங்கே? முனை மேலோட்டமாக, ஓரத்தில், மெல்லிய இடத்தில் மட்டும் பிடிக்கிறது. இன்னொன்று, ட்ரெய்லர் தண்டிலிருந்து வழுக்கி இறங்கி வளைவில் குவிந்துகொள்ளும். ரெண்டு தடவை எறிந்ததும் பார்த்தால் பந்து மாதிரி சுருண்டிருக்கும். இப்போது நான் ட்ரெய்லரின் தலைப்பக்கத்தில் அரை அங்குலம் நறுக்கிவிடுகிறேன், தண்டில் ஏற்றும்போது ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைக்கிறேன். பெரிய ட்ரெய்லர்தான் வேண்டும் என்றால் வாய் அகலமான முள் உள்ள ஜிக்கை எடுக்கிறேன். பளிச்சென்று வித்தியாசம் தெரிந்த மாற்றம் இதுதான், செலவும் கிடையாது.

வீட் கார்ட். முள் கிளையில் மாட்டாமல் இருக்க முனைக்கு முன்னால் நட்டுவைத்த நார்க்கற்றை, பிரஷ் முடி மாதிரி. கடையிலிருந்து வருகிறபடியே போட்டால் பல ஜிக்குகளில் அது மிகவும் கட்டி. ஈயத்தோடு சேர்த்து எல்லோருக்கும் ஒரே அளவில் வைத்துவிடுகிறார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். முனை விரலைத் தொட நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு பலமும் உங்கள் மூன்று பவுண்டிலிருந்து கழிகிறது. நான் வாங்கியதும் கத்தரிக்கோலால் அடியோடு நாலில் ஒரு பங்கு நாரை எடுத்துவிடுகிறேன். உயரத்தை முனைக்கு மேலே ஒரு நெல் அளவு மட்டும் நிற்கும்படி நறுக்குகிறேன், மிச்சத்தை இரண்டு பக்கமும் வி எழுத்து மாதிரி பிரித்து விடுகிறேன். ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள், நான் ஒன்றை மொட்டையடித்து அன்று காலையே மரத்தில் தொலைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். திறந்த தண்ணீரில் போடும் ஃபுட்பால் ஜிக்கில் பாதிவரை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது.

கூர்மையைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்வாக வைத்து, அழுத்தாமல் இழுங்கள். நகத்தைக் கீறிக்கொண்டு நின்றால் சரி. வழுக்கிப் போனால் அந்த முள்ளால் மீன் பிடிக்க முடியாது. அணையின் கல்கரையில் பத்து எறிதல் எறிந்தால் புது முள்ளும் மழுங்கும். அரம் வைத்துத் தீட்டலாம், நான் இரண்டு பக்கமும் முதுகிலும் இரண்டு இரண்டு தடவை தேய்ப்பேன். ஆனால் தேய்த்த இடத்தில் மேல்பூச்சு போய்விடுவதால் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் தீட்டிய ஜிக்கை அந்த வாரத்திலேயே பயன்படுத்திவிட வேண்டும்.

மீன் குதிப்பதைப் பற்றி ஒரு விஷயம். தனி முள்ளில் மாட்டிய மீன் தலையை உதறினால் முள் மட்டும்தான் ஆடும். ஜிக்கில் அரை அவுன்ஸ், முக்கால் அவுன்ஸ் ஈயம் முள்ளோடு இறுகியிருக்கிறது. மீன் உதறும்போது அந்த ஈயம் சுத்தியல் மாதிரி அடித்து முள்ளை நெம்புகிறது. அதனால் எடை கூடக்கூடத் தப்பும் மீனும் கூடும். அரை அவுன்ஸில் தரையைத் தொட முடிகிற இடத்தில் முக்காலைப் போடாதீர்கள். ஆழமான இடத்தில் கனம் வேண்டியே ஆக வேண்டும் என்றால், முள் தலையோடு இறுகாமல் ஒரு வளையத்தில் தொங்கி ஆடுகிற வகை இருக்கிறது. அதில் ஈயம் ஒரு பக்கம் ஆடும், முள் ஒரு பக்கம் நிற்கும், நெம்புவதற்கு வழியில்லை. முள்ளையும் மாற்றிக்கொள்ளலாம், நம் ஊர் மாதிரி. கோடையில் இருபது அடிக்குக் கீழே நான் இப்போது அதைத்தான் அதிகம் போடுகிறேன். மரத்துக்குள் மட்டும் சரிப்படாது, ஆடுகிற முள் கிளையில் எளிதாக மாட்டிக்கொள்கிறது.

எந்த முள்ளாக இருந்தாலும் மீன் மேலே ஏறுகிறது என்று நரம்பின் கோணத்தில் தெரிந்ததும் ராட் முனையைத் தண்ணீருக்குள் அழுத்தி, சுற்றுவதை நிறுத்தாமல் இருக்க வேண்டும். மெல்லிய முள் என்றால் ரீலின் டிராகை, அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள், மீன் ஓடட்டும். தடித்த முள் என்றால் டிராகை இறுக்கிப் பூட்டி, சுண்டிய கையோடு மீனின் தலையை நம் பக்கம் திருப்பிவிட வேண்டும். சுண்டுவதற்கு முன்னால் தொய்வைச் சுற்றி எடுத்து ராடைத் தாழ்த்திக்கொள்வதும் முக்கியம். மீன் ஜிக்கைப் பல்லால் கவ்வி அழுத்திக்கொண்டிருக்கும், அந்தப் பிடியை மீறி ஜிக் வாய்க்குள் நகர்ந்தால்தான் முனை எங்காவது ஏறும். தொய்ந்த நரம்பில் சுண்டினால் அந்தப் பலமெல்லாம் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும்.

போன வருஷம் அக்டோபரில் மகனைக் கூட்டிப் போனேன். பத்து வயது, டெக்சஸில் பதினேழு வயதுக்குக் கீழே லைசென்ஸ் தேவையில்லை. அவனுக்கு மீடியம் ராட், சுழல் ரீல், 8 பவுண்டு நரம்பு, அதில் கால் அவுன்ஸ் ஜிக். பெட்டியைத் திறந்ததும், அந்த மார்ச் மாதம் விரிந்த அதே ரகத்தில் பையோடு மிச்சம் இருந்த இரண்டு ஜிக் அடியில் கிடந்தன. தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். மெல்லிய கம்பி, 2/0, இவன் ராடுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. ஒன்றில் வீட் கார்டைப் பாதி எடுத்து, சின்ன ட்ரெய்லர் மாட்டிக் கட்டிக் கொடுத்தேன். "அப்பா, இதுதானே பெரிய மீனை விட்டது?" என்று கேட்டான். விட்டது நான் என்று சொன்னேன். படகுத் துறைக்குப் பக்கத்தில், மரமில்லாத சரிவில், பதினோரு மணிக்கு அவன் நரம்பு ஓடத் தொடங்கியது. "சுண்டாதே, சுற்று, சுற்றிக்கிட்டே ராடைப் பக்கமாக் கொண்டுவா" என்று கத்தினேன். சுற்றினான். இரண்டு தடவை குதித்தது. டிராக் கிறீச்சிட்டு நரம்பை விட்டது, மறுபடி சுற்றினான்.

வலையில் எடுத்து அளந்தோம், 19 அங்குலம். முள் மேல்வாயில் நடுவில், வளைவுவரைக்கும் இறங்கியிருந்தது. குறட்டால் திருப்பி எடுக்க அரை நிமிடம் ஆனது. அவனே கீழுதட்டைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கி, வாலை ஒரு தடவை அசைக்கும்வரை பிடித்திருந்து விட்டான். அந்த ஜிக்கை வாங்கிப் பார்த்தேன், முள்ளின் வாய் நூலளவுகூட விரியவில்லை. நகத்தில் இழுத்துப் பார்த்தேன், கீறியது. திரும்ப அவன் கையிலேயே கொடுத்தேன்.